மயிலாத்தாவுக்கு ஒரு பாலியெஸ்டர் கயிறு

தார்ச்சாலை போட்டதில் இரண்டாகிப்போன ஒரு காட்டில், மயிலாத்தா என்றொரு மந்தி இருந்தது. மரங்களை வெட்டிய அன்று அதன் குட்டி, அத்தை வீட்டுக் கிளைக்கு விளையாடப் போயிருந்தது. அதிலிருந்து குட்டி அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம். நடுவில் லாரிகள். அவற்றுக்கு ஹாரன் உண்டு, காது கிடையாது.

கொடிகளைக் கயிறாக முறுக்கிச் சாலைக்கு மேலே கட்டிப் பார்த்தார்கள். ஒரு மழைக்கு அழுகி அறுந்தது.

"பாலியெஸ்டர் காய்ச்சலாம் தாயி" என்றது கரடி சென்னியப்பன்.

கரும்புச்சாற்றைப் புளிக்கவைத்து ஒரு வெள்ளைப் பொடி எடுத்து வைத்திருந்தது அது. "இதுல ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு வளையம். தொட்டா மரவட்டை சுருண்டுக்குதில்ல, அந்த மாதிரி. உருக்கி, பாத்திரத்துக்கு ஈயம் பூசறாங்களே அந்த ஈயத்துல செஞ்ச மருந்தக் கொஞ்சம் போட்டு, ஒரு சொட்டு சாராயம் விடோணும்."

"சாராயம் யாருக்குண்ணா?"

"வளையத்துக்குத்தான் தாயி, எனக்கில்ல. சாராயம் தலையா நின்னு மொத வளையத்தப் பிரிக்கும். பிரிஞ்ச முனை அடுத்த வளையத்தப் பிரிக்கும். அப்படியே கோத்துக்கிட்டு நீளும். தண்ணி மட்டும் பட்டுரக் கூடாது. பட்டா, சொட்டுக்குச் சொட்டு நானும் தலைன்னு கெளம்பிரும். இருக்கற வளையத்த அத்தன தலையும் பங்கு போட்டா நீளம் எங்கிருந்து வரும்?"

அண்டா அடுப்பேறியது. பொடி உருகியது. அதற்குள் செய்தி போய், தலைவர் யானையின் உதவியாளர் நரி ஓடி வந்தது.

"என்ன சென்னி, பூஜை போடாமயே பத்த வெச்சிட்ட?"

பந்தல் வந்தது. ஒலிபெருக்கி வந்தது. தலைவர் கும்பத்துத் தண்ணீரைத் துதிக்கையில் உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

"தலைவருங்களே, தண்ணி ஆகாதுங்க" என்றது கரடி.

"நல்ல காரியத்துல ஆகாது கீகாதுன்னு வாய வெக்கறயே!" என்றது நரி.

"கொஞ்சமாத்தான் தெளிக்கறேன் சென்னி" என்றார் தலைவர். யானைக்கு அது கொஞ்சம்தான். அண்டா சுர்ரென்றது. எல்லோரும் கைதட்டினார்கள். தேங்காயையும் அண்டா விளிம்பிலேயே உடைத்தார்கள்.

ஆறியபின் பார்த்தால் பிசின். மயிலாத்தா ஒரு இழை இழுத்தது, அறுந்து விரலோடு வந்துவிட்டது. அது மரமேறி, சாலையைப் பார்த்துக் கூப்பிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து மெலிதாகப் பதில் வந்தது. அதற்குள் ஒரு லாரி.

"கரடி வாய வெச்சதுதான், விளங்கல" என்று நரி அறிவித்தது.

மயிலாத்தா இறங்கி வந்தது. "அண்ணா, இன்னொரு அண்டா இருக்குதா?"

"இருக்குது. பொடியும் இருக்குது. திரும்பப் பூஜை போடுவாங்களே தாயி?"

"போடட்டும். அவுங்களுக்கு ஒரு அண்டா, நமக்கு ஒரு அண்டா."

பிசினைச் சுரண்டிவிட்டுக் காலி அண்டாவைப் பந்தலுக்குள் வைத்து, மாலை போட்டு, அடியில் புகை மட்டும் போட்டார்கள். தலைவர் வேண்டுமட்டும் தெளித்தார். பிறகு மைக்கைப் பிடித்தார். இந்தக் காட்டை இணைப்பதே தன் லட்சியம் என்று பொழுது சாயும்வரை பேசினார். பாறைக்குப் பின்னால், காய்ந்த அண்டாவில், இறுக மூடிய மூடிக்கடியில், ஒரு வளையம் பிரிந்து அடுத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் கைதட்டவில்லை. சென்னியப்பன் உருகலிலிருந்து இழை இழுத்தது, முறுக்கியது. ஒரு காகம் நுனியைக் கவ்விக்கொண்டு சாலைக்கு மேலே பறந்துபோய், எதிர்ப்பக்கக் கிளையில் சுற்றிக் கட்டியது.

மயிலாத்தா நடந்து பார்க்கவில்லை. ஓடியே போய்விட்டது. கயிறு தொய்ந்தது, அறுந்துபோகவில்லை.

குட்டி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு தாயின் காதைக் கடித்தது. பிறகுதான் கேட்டது:

"ஏம்மா இவ்வளவு நாளா வரல?"

"திறப்புவிழா இருந்துச்சு கண்ணு."

*

நீதி: எந்தக் காரியத்துக்கும் இரண்டு அண்டா வேண்டும். காலி அண்டாவை முன்னால் வையுங்கள். மாலை அதற்குத்தான் எடுப்பாக இருக்கும்.