உங்கா கேட்ட ஜின்

எங்கள் கடற்கரை ஊர் கிஜிவேனியில் சைக்கிள் ரிப்பேர் செய்பவரும் ஃபுண்டி, படகு ஓட்டையை அடைப்பவரும் ஃபுண்டி, ஜின் ஓட்டுபவரும் ஃபுண்டி. முதல் இரண்டு பேரிடம் வேலை சரியில்லை என்று சண்டை பிடிக்கலாம். மூன்றாமவரிடம் அது செல்லாது. ஜின் போகவில்லையென்றால் ஓட்டை உங்கள் நம்பிக்கையில்தான்.

அப்படிப்பட்ட மூன்றாம் ரக ஃபுண்டி தௌடி, மழை ஓய்ந்த கையோடு ஊருக்கு வந்து, மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு முற்றத்தைப் பிடித்தார். அன்றிலிருந்து மட்டாட்டு வேன்கள் சந்தையை மறந்துவிட்டு அவர் வாசலில் நின்றன. மொம்பாசாவிலிருந்து கார்கள் வந்தன. வாசலில் இளநீர்க் கடை, மரவள்ளி வறுவல் கடை, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர்களுக்குச் செருப்புக் கடை. செருப்புக் கடைக்காரனுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற இடமா அது?

தௌடி குணப்படுத்தியது தேஜாக்களை. உங்காவில் விழுந்தவனுக்கு எங்கள் ஊரில் தேஜா என்று பெயர். உங்கா என்றால் மாவு. மஹம்ரிப் பலகாரத்துக்குப் பிசைகிற மாவும் உங்காதான், பையன்கள் ஊசியில் ஏற்றிக்கொள்கிற ஹெராயினும் உங்காதான். அந்தச் சனியன் ஒரு நாள் கிடைக்காவிட்டால் எலும்பு நொறுங்கும், மூக்கு ஒழுகும், குடல் முறுக்கும். அதற்குத் தேஜாக்கள் வைத்த பேர் அரோஸ்டோ. தௌடி வந்துதான், அரோஸ்டோ என்பது நோவல்ல, ஒரு ஜின்னின் பேர் என்று கண்டுபிடித்தார். போர்த்துக்கீசியக் கப்பலில் தொற்றிக்கொண்டு வந்த கடல் ஜின்னாம். அதனால்தான் பேர் அப்படி இருக்கிறதாம். ஊர் வாயைப் பிளந்தது.

கோம்போவை அங்கே இழுத்துப் போனவள் அவன் அக்கா மிஷி. படகுத்துறையில் மஹம்ரி சுட்டு விற்று அவனை வளர்த்தவள். நல்ல படகோட்டியாக இருந்தவன், துடுப்பை விற்று, வலையை விற்று, கடைசியில் அவளுடைய எண்ணெய்ச் சட்டியையும் விற்றான். பக்கத்து டவுன் அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தப் பழக்கத்துக்கு மெத்தடோன் என்று ஒரு மருந்து கொடுக்கிறார்கள். நெடுநாள் காத்திருந்து கோம்போவுக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் போய்ச் சேராவிட்டால் அது அடுத்தவனுக்குப் போய்விடும்.

அந்த மருந்து தொண்டையில் இறங்கினால் ஜின் எலும்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் என்றார் தௌடி. தினமும் போய் வாங்கிக் குடிக்க வேண்டுமாம், வருஷக் கணக்கில் போக வேண்டுமாம், இது வைத்தியமா அடிமைத்தனமா என்று கேட்டார். சரியான கேள்வி என்று கூட்டம் தலையாட்டியது. தினமும் தௌடியிடம் வந்து குடித்துக்கொண்டிருந்த அதே கூட்டம்.

எங்கள் பக்கத்தில் ஜின்னைச் சும்மா விரட்ட முடியாது. முக்காலியில் ஆளை உட்கார வைத்து, வெள்ளைத் துணியால் தலையை மூடி, சாம்பிராணி போட்டு, கொட்டு அடித்து, என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். பன்னீர், மோதிரம், சிவப்புத் துணி என்று ஜின் எதைக் கேட்டாலும் வீட்டார் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். முதல் நாள் துணிக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்த கோம்போ, பால் கேட்கும் கைக்குழந்தை மாதிரி, "உங்கா, உங்கா" என்றான். அவன் கேட்டது வேறு. மிஷி வீட்டுக்கு ஓடி, மறுநாள் வியாபாரத்துக்கு வைத்திருந்த கோதுமை மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தௌடி ஒரு நொடி திகைத்தார். பிறகு பையை வாங்கி உள்ளே வைத்தார். அன்றிலிருந்து அரோஸ்டோ ஜின்னுக்கு மாவு படைப்பது வழக்கமாயிற்று. அவர் மனைவி முற்றத்தின் அந்தப் பக்கம் மாவுக்கடை திறந்தாள். மிஷி தான் கொடுத்த மாவையே அங்கே வாங்கிப் பிசைந்தாள்.

மாவு உள்ளே போனதும் சுரைக்குடுவையிலிருந்து ஒரு குவளை மூலிகைத் தண்ணீர் வரும். குடித்தவன் நடுக்கம் நின்று, முகம் தெளிந்து, பாயில் சாய்வான். கூட்டம் அழுது கும்பிடும். கோம்போ முதல் குவளையிலேயே கண்டுகொண்டான். பழைய கூட்டாளி வேறு சட்டை போட்டு வந்தால் அடையாளம் தெரியாதா என்ன? அந்தக் கசப்பு உங்காவின் கசப்பு. தேஜா ஒவ்வொருவனுக்கும் அது தெரியும். ஒருவனும் மூச்சு விடவில்லை. போலீஸ் தொல்லை இல்லை, திருட வேண்டியதில்லை, அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டி வந்து ஊற்றிவிடுகிறாள். இதைவிடச் சொர்க்கம் உண்டா? தௌடியின் மகா பக்தர்கள் அவர்கள்தான். நன்றாக அலறிப் புரண்டவனுக்குக் குவளை நிறையும் என்று தெரிந்ததும் நடிப்பிலும் தேறிவிட்டார்கள்.

கோம்போவும் அப்படியே இருந்திருப்பான். ஷெபே செத்துப்போனான்.

ஷெபே அவனோடு படகேறிய சிநேகிதன், பக்கத்துப் பாயில் படுத்தவன். அன்று ஃபுண்டி கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டார். ஷெபே தூங்கினான், உதடு நீலமானது, பிறகு எழுந்திருக்கவில்லை. ஜின் புறப்படும்போது அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார் தௌடி. எப்பேர்ப்பட்ட ஜின்னை ஓட்டியிருக்கிறார் பார் என்று கூட்டம் வியந்தது. ஷெபேயின் அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து வெறும் பாயைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்த பாய் தன்னுடையது என்று கோம்போவுக்குப் பயம் வந்தது.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் உடைத்துச் சொன்னான். "அக்கா, அந்தத் தண்ணியில உங்கா கலக்குறாரு. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

மிஷி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இது நீ பேசலடா, உள்ள இருக்கறது பேசுது. வெளிய போற நேரத்துல இப்படித்தான் பழி போடும்னு ஃபுண்டி அன்னிக்கே சொல்லிட்டாரு."

சட்டியை விற்றவன் பேச்சை யார் நம்புவார்கள்? கோம்போவுக்கு அது புரிந்தது. ஆனால் அவள் சொன்னதிலேயே வேறொன்றும் புரிந்தது. கிஜிவேனியில் கோம்போவின் வார்த்தைக்குத்தான் மதிப்பில்லை. ஜின்னின் வார்த்தைக்கு ஏகப்பட்ட மதிப்பு.

மறுநாள் முக்காலியில் தானாகவே போய் உட்கார்ந்தான். துணி விழுந்தது, சாம்பிராணி எழுந்தது, கொட்டு முழங்கியது. உடம்பு அந்தக் குவளைக்காகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அரோஸ்டோ, உனக்கு என்ன வேணும்?" என்றார் தௌடி.

"மாவு வேணாம்" என்றது ஜின், கட்டைக் குரலில். "இந்தக் குவளையை ஃபுண்டி குடிக்கணும். எல்லார் முன்னாடியும். அவரு குடிச்சா நான் போயிடறேன்."

கொட்டு நின்றது. தௌடி குனிந்து துணிக்குள் முகத்தை நுழைத்தார். "டேய், இன்னிக்கு உனக்கு ரெண்டு குவளை தரேன். வாய மூடிட்டு இரு."

இரண்டு குவளை. கோம்போவின் ஒவ்வோர் எலும்பும் சரி என்று சொல்லச் சொன்னது. ஷெபேயின் நீல உதடு கண்ணுக்குள் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குரலை உயர்த்தினான். "ரெண்டு குவளை தர்றாராம். அதையும் அவரே குடிக்கட்டும்."

தௌடி நிமிர்ந்து, இந்த ஜின் பொய்க்கார ஜின் என்று அறிவித்தார். மீன் வியாபாரி கிழவர் ஃபமாவுவுக்கு அது சரியாகப் படவில்லை. "முக்காலியில உட்கார்ந்த ஜின் பொய் சொல்லாதுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க. அத நம்பித்தானே ஜின் கேட்டப்ப என் மகன் வாட்சைக் கழட்டிக் குடுத்தேன்."

மிஷி ஓடிவந்து தௌடியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஃபுண்டி, என் தம்பி உசுரு உங்க கையில இருக்கு. மூலிகைத் தண்ணிதானே? உங்களுக்குத்தான் ஜின்னே கிடையாதே, அது உங்கள என்ன பண்ணிடப் போவுது?"

ஊரிலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பியவள் கேட்ட கேள்வி அது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் ஜின் கொல்லும் என்று அவரே ஊட்டி வளர்த்த கூட்டம் அவரைச் சுற்றி நெருங்கியது. வியர்த்தார். வேறு வழியில்லாமல் குடித்தார்.

குடித்துவிட்டு, பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்று பிரசங்கம் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சொறிந்தார். பேச்சு நீண்டு நீண்டு இழுபட்டது. இமை தாழ்ந்தது, தாடை நெஞ்சில் இறங்கியது, முழங்கால் மடிந்தது. விழப்போகிறார் என்றபோது விழாமல் மெல்ல நிமிர்ந்தார், மறுபடியும் மடிந்தார். படகுத்துறையில் தேஜாக்கள் நின்றுகொண்டே ஆடுகிற அந்த ஆட்டத்தைத் தினமும் பார்க்கிற ஊர் இது. யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒருவன் மட்டும், ஜின் ஃபுண்டி மேல் தாவிவிட்டது என்றான். அவன் செருப்புக் கடைக்காரன்.

தௌடியின் மனைவி மாவுக்கடையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "அவர தூங்க விடாதீங்க, நடக்க வையுங்க, ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்க." ஜின்னுக்கு வைத்தியம் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஷெபேயின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பிள்ளைக்கு ஏன் வண்டி எடுக்கவில்லை என்று மட்டும் கேட்டாள்.

கோம்போ துணியை இழுத்துப் போட்டான். "ஜின் இல்லக்கா. நான்தான்."

மிஷி அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தௌடியை ஏற்றிய அதே மட்டாட்டுவில் அவர்களும் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் ஒருவர் தூங்கி வழிந்தார், ஒருவன் அரோஸ்டோவில் நடுங்கினான். தௌடி வாயார வைத அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு ஓர் ஊசி போட்டு உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். போலீஸ் அவர் வீட்டு மாவு மூட்டைகளைக் கொட்டியபோது உங்காவுக்குள்ளிருந்து உங்கா வந்தது.

கோம்போவுக்கு நர்ஸ் ஒரு சின்னக் கோப்பையில் மருந்தை அளந்து நீட்டினாள். மிஷி குறுக்கே கையை வைத்தாள். இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஊற்றினாய், எத்தனை காலத்துக்கு, நிறுத்தினால் என்ன ஆகும் என்று அடுக்கிக் கேட்டாள். நர்ஸ் பாட்டிலைத் திருப்பிப் பேரைக் காட்டினாள். இதுவும் உங்கா ஜாதி மருந்துதான், ஆனால் உடம்புக்கு ஏற்ப அளந்து தருகிறோம், தினமும் பார்க்கிறோம், தேறிய பிறகு மெல்லக் குறைப்போம், எல்லோரும் முதல் தடவையே தேறிவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன் என்றாள். மிஷி கையை எடுத்தாள். இத்தனை கேள்விகளும் இத்தனை நாள் அவள் வாய்க்குள்ளேயேதான் இருந்திருக்கின்றன.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எங்கள் ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நானும் சந்தோஷமாக எழுதியிருப்பேன். கோம்போ ஊர் திரும்பிய அன்று வாசலில் ஒரு கூட்டம் நின்றது. தலையில் மாவுப் பைகள். உண்மை பேசுகிற ஜின் உன்னுடையது, அதைக் கூப்பிட்டு எங்களுக்கும் குறி சொல்லச் சொல் என்று ஃபமாவு கிழவர் பணிவாகக் கேட்டார்.

மிஷிதான் பதில் சொன்னாள். "எங்க வீட்டுல ஜின் எதுவும் இல்ல மாமா. உங்க ஒவ்வொருத்தர் தலைக்குள்ளயும் ஒண்ணு இருந்துச்சு, மூளைன்னு பேரு. எந்த ஃபுண்டி வந்தாலும் முதல்ல ஓட்டுறது அதைத்தான். போயி அதக் கூப்பிட்டுக் கேளுங்க. அது மாவு கேக்காது."