பாதி விலைக்கே முடிக்கும் வெர்லின்

கஞ்சன் என்றொரு இனம் உண்டு. அவனை விட்டுவிடுங்கள்; செலவே செய்யமாட்டான், யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்லவந்தது அவனுடைய ஒன்றுவிட்ட தம்பியைப் பற்றி. "இதுக்கா இவ்வளவு குடுத்தே? பாதி விலைக்கு நானே பண்ணியிருப்பேனே!" என்பானே, அவன். நீங்கள் புதுச் செருப்போடு எதிரே வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டான்; செருப்பைப் பார்ப்பான், விலையைக் கேட்பான், துக்கம் விசாரிக்க வந்தவன்போல் மெல்லத் தலையாட்டுவான். அந்த நிமிஷமே உங்களுக்குச் செருப்புக் கடிக்க ஆரம்பித்துவிடும்.

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில், ஐம்பத்தாறாம் வருஷத்துக் கோடையில், இந்த இனத்தின் இளங்கன்று ஒன்று பதினேழு வயதில் திரிந்தது. பெயர் வெர்லின் டிப்ஸ். அந்த வயசுப் பையன்கள் எல்லோரையும்போல அவனும் ஒரு பழைய ஃபோர்டை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, தெருக்கோடியில் வரும்போதே கிழவர்கள் திட்டத் தொடங்கும் அளவுக்கு எஞ்சினை உறும வைத்திருந்தான். பாக்கி பெயிண்ட்டும் சீட்டும்தான்.

சீட் தைக்கும் அர்மாண்டோ ஒர்த்தேகா வண்டியைச் சுற்றிவந்தார். "அறுபது டாலர். ஸ்கூல் பையன், அம்பது குடு."

வெர்லின் சிரித்தான். பரிதாபம் கலந்த சிரிப்பு. "வெறும் ரெக்சினும் பஞ்சும்தானே சார்?"

"ஆமாம்ப்பா. கேக்குகூட வெறும் மாவும் சக்கரையும்தான். போய்ப் பண்ணிப் பாரு."

பண்ணினான். டப்பா பெயிண்ட்டை அம்மாவின் பவுடர் பஞ்சால் ஒற்றி ஒற்றி வண்டியை நீலமாக்கினான். தூரத்தில் பளபளத்தது. கிட்டத்தில்? கிட்டே யாரை விட்டான்? "அங்கேயே நில்லுடா, அங்கேருந்து பார்த்தாத்தான் அழகு!" மூடிப்போன ஓட்டல் ஒன்றின் பழைய ரெக்சினைச் சும்மா வாங்கிவந்து சீட்டில் போர்த்தினான், அது வெளுத்திருந்ததால் துணிச் சாயத்தைக் கரைத்துச் சிவப்பாகப் பூசினான்.

சிநேகிதன் டட்லிக்கு எங்கேயோ உதைத்தது. "டேய், துணிச் சாயம் ரெக்சின்ல நிக்குமாடா?"

"ரெண்டு நாளா காயுதுடா. உங்கிட்ட அம்பது டாலர் கேட்டா மட்டும் நிக்கும்னு நம்புவே!"

அந்தச் சனிக்கிழமை அவன் அக்கா லொரீனுக்குக் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் முன்னாடியே சர்ச்சுக்குப் போயாகிவிட்டது. மணப்பெண்ணை ஏற்றிப்போக வந்த மாமாவின் பெரிய கார் வாசலிலேயே கொதித்து ஆவி விட்டு நின்றது. வெயில் நூற்றைந்து டிகிரி. லொரீன் வெள்ளைக் கவுனோடு தம்பியைப் பார்த்தாள். தம்பி வண்டியைப் பார்த்தான். அவன் வாழ்க்கையின் பொன்னான நேரம் வந்துவிட்டதல்லவா?

"ஏறு லொரீன்! ராணி மாதிரி போலாம்!"

போனார்கள். சர்ச் வாசலில் அவள் இறங்கித் திரும்பினாள். இடுப்பிலிருந்து முழங்கால்வரை, பின்பக்கம் முழுக்க, தர்பூசணிச் சிவப்பு.

வெர்லின் அதையே பார்த்து முழித்தான். ஆறு மாசம் ஒரு கடையில் துணி மடித்துச் சம்பாதித்து அவள் வாங்கிய கவுன் அது.

"என்னடா அப்படி முழிக்கிறே?" என்றவள் அவன் பார்வை போன இடத்தைத் தொட்டாள். விரல் சிவந்தது. கத்த நேரமில்லை. உள்ளே ஆர்கன் தொடங்கிவிட்டது.

"என் பின்னாடி வா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒட்டி வா. ஒரு அடி விலகினே, கொன்னுடுவேன்."

அப்பாவின் கையைப் பிடித்து அவள் முன்னே நடக்க, அவள் முதுகோடு ஒட்டாத குறையாய் வெர்லின் பின்னே நடந்தான். மேடை வந்தது, அப்பா உட்கார்ந்தார், வெர்லின் உட்காரவில்லை. பாதிரியார் இருமினார், வெர்லின் நகரவில்லை. முழு ஜெபத்துக்கும், மோதிரத்துக்கும், முத்தத்துக்கும் அங்கேயே நின்றான். அக்காவின் தோள் லேசாய் நடுங்குவதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது, அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் முட்டியது.

"அக்கா மேல எவ்வளவு பாசம் பாரு!" என்று முன்வரிசைப் பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். கல்யாணப் படம் எல்லாவற்றிலும் மூன்று தலைகள்.

திங்கட்கிழமை அர்மாண்டோவின் கடைக்குப் போனான். "சார், நீங்களே தைச்சுக் குடுங்க. அதுக்கு முன்னாடி லொரீனுக்குப் புது கவுனுக்குச் சேர்க்கணும். கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகட்டும்ப்பா," என்றார் அவர், இந்தத் தடவை கேலியில்லாமல்.

வாசல்வரை போனவன் நின்றான். உதட்டைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை.

"சார்… நூல் மட்டும் நான் கொண்டாந்தா, எவ்வளவு குறைப்பீங்க?"

இந்த வியாதிக்கு மருந்து கிடையாது. இருந்தால் அதையும் பாதி விலைக்குக் கேட்பான். நீங்கள் அப்படியில்லை, தெரியும். அது இருக்கட்டும், இந்தப் புத்தகத்தை எங்கே வாங்கினீர்கள்? நடைபாதைக் கடையிலா? போட்டிருந்த விலையில் எவ்வளவு குறைத்துப் பேசினீர்கள்?