வராதவருக்குப் பாயிண்ட் கிடையாது

"வராதவங்களுக்குப் பாயிண்ட் கிடையாதுன்னு சட்டம் போட்டதே நீதானேடா?" என்றான் அப்சர்.

சேரனால் மறுக்க முடியவில்லை. கும்பகோணத்தில் அப்சரின் ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் பகடை விளையாட்டுக்கு அவன்தான் கதைசொல்லி. ஆளுக்கொரு பாத்திரம். பகடை உருட்டிச் சண்டையில் ஜெயித்தால் பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் லெவல் ஏறும், புதுத் திறன் வரும். வாய்க்காலில் முறைத் தண்ணீர் போலத்தான் அதுவும். முறை நாளில் மடை திறக்க ஆள் வராவிட்டால், தண்ணீர் அடுத்த வயலுக்கு.

ஏழு மாதத்துக்கு முன், பரீட்சைக்குப் போய்விட்டு வந்த மேகலாவிடமும் இதையே சொன்னான். "உன் சட்டத்தையே கட்டிக்கிட்டு அழு" என்று எழுந்து போனவள், பெங்களூரில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்க்காமல் அவனால் ஒரு கதைகூடச் சொல்ல முடிந்ததில்லை. அவளுக்காக அவ்வளவு ஏங்கினான். சொல்லத்தான் வாய் வரவில்லை. நேற்று அவளிடமிருந்து ஒரே ஒரு வரி: "நாளைக்கு வர்றேன்."

அவளுடைய பாத்திரமான ஓடக்காரி இன்னும் இரண்டாம் லெவல். மற்றவர்கள் ஆறு. வந்ததும் முதல் அடியிலேயே செத்தால் மறுபடி எங்கே வரப்போகிறாள்?

"மேகலாவுக்கு நாலு லெவல் சும்மா குடுத்துடுறேன்."

"அப்ப நான் நடவுக்குப் போன மூணு வாரத்தை எனக்கும் போடு தம்பி" என்றார் பக்கிரி அண்ணன். "நான் என்ன ஊர் சுத்தவா போனேன்?"

"நோன்பு மாசம் எனக்கு" என்றான் அப்சர்.

கொடுத்துத் தொலைத்தான். இருவரும் எட்டுக்குப் போனார்கள். மேகலா மறுபடியும் பின்தங்கினாள்.

"சரி, எல்லாரும் ரெண்டு லெவல் இறங்கிக்குங்க."

பக்கிரி அண்ணன் துண்டை உதறி எழுந்தார். "குடுத்ததைப் புடுங்குறியா? நான் வயலுக்கே போறேன்."

அவரை உட்கார வைக்க இன்னொரு லெவல் செலவானது.

மிச்சமிருந்தது ஒரே வழி. செத்துப்போகும் பாத்திரத்தின் பாயிண்டை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஆனால் யார் சாவது?

"ரெத்தினம்!" என்றான் சேரன். ரெத்தினம் வெளியூர். அப்சரின் போனுக்குச் செய்தி அனுப்பியே ஆடுபவர். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. ஆனால் ஆளை நேரில் பார்த்துப் பதில் சொல்லவேண்டிய சங்கடம் இல்லை.

"வேணாம்டா, பாவம்" என்று அப்சர் பதறினான்.

சேரன் போனைப் பிடுங்கித் தானே தட்டினான்: "மதகு உடைஞ்சு வெள்ளத்துல செத்துட்டீங்க. இனிமே ஞாயித்துக்கிழமை வரவேண்டாம். இப்படிக்கு, சேரன்."

"ஏன்?" என்று வந்தது.

நிஜக் காரணத்தை எப்படிச் சொல்வது? "சட்டம் அப்படி" என்று அனுப்பினான்.

ஓடக்காரியின் தாளில் பத்து என்று எழுதினான். நாற்காலியைத் துடைத்தான். டிகிரி காபிக்குச் சொல்லியனுப்பினான். நாலு மணி ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. காபி ஆடை கட்டியது. தெருவில் ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் ஜன்னலுக்கு ஓடினான்.

"வந்துருவாள்ல?"

அப்சர் போனைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"சேரா, உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு, ஏழு மாசமா ரெத்தினம்னு ஆடுனதே மேகலாதான்டா, நீ கண்டுபுடிச்சுதான் வரவேண்டாம்னுட்டேன்னு நெனச்சு, தஞ்சாவூர் வரைக்கும் வந்தது திரும்பி பஸ் ஏறிடுச்சாம்."