நெகிழ்ச்சி இல்லாத தேவை

உலக நாகரிக வரலாற்றில் எங்கள் கல்லூரி லிஃப்ட்டுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் பணிவான கோரிக்கை. வணிக மேலாண்மை முதலாண்டு மாணவர்களுக்கு நுண்பொருளியல் நடத்துபவன் என்ற முறையில், அந்தச் சாதனையில் எனக்கும் சிறு பங்கு உண்டு.

கல்லூரிக்கு ஆறு மாடி, லிஃப்ட் ஒன்று. காலை ஒன்பதே முக்காலுக்கு அதன் வாசலில் நூறு பேர் முண்டியடிப்பார்கள். மனம் நொந்த முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இதுக்கு உங்க பாடத்துல ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கு சார். கூட்டம் அதிகம்னா விலை கம்மியா இருக்குன்னு அர்த்தம்."

"இப்ப விலையே கிடையாதே!"

"அதான் சார் கோளாறு."

முதல்வர் எழுந்து என் கையைக் குலுக்கினார். மூன்று கூட்டம், ஒரு துணைக்குழு, இரண்டு பாக்கெட் பிஸ்கட். 'செங்குத்துப் போக்குவரத்துச் சந்தை' உதயமாயிற்று. ஏறுவதற்கு டோக்கன், ஆள் ஏற ஏற விலையும் ஏறும். மறுநாளே வரிசை காணாமல் போனது. மாணவர்கள் மூச்சு வாங்கப் படியேறினார்கள். அளிப்பும் தேவையும் சமநிலை அடைந்ததைக் கண்ணாரக் கண்டேன். புத்தகத்தில் அது வெறும் இரண்டு கோடு.

ஐந்தாம் மாடி அலுவலகத்தில் ஒரு பெண் தட்டச்சர் இருந்தார். எட்டு மாதக் கர்ப்பிணி. ஒரு வாரம் டோக்கன் வாங்கிப் பார்த்துவிட்டு முதல்வர் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"சார், ஏறி இறங்கவே சம்பளத்துல கால்வாசி போயிடுது. குழந்தை பொறக்கற வரைக்கும் எனக்கு மட்டும் விட்டுக் குடுங்களேன்."

முதல்வர் நெகிழ்ந்துவிட்டார். அவர் மேலும் நெகிழ்வதற்குள் நான் குறுக்கிட்டேன்.

"இங்க பாருங்கம்மா, விலை ஏறினாலும் உங்களால வாங்காம இருக்க முடியல. இதுக்குப் பேரு நெகிழ்ச்சி இல்லாத தேவை. உங்கள மாதிரி ஆளுங்ககிட்டதான் விலைய ஏத்தணும்னு பாடம் சொல்லுது."

"உங்க பாடம் புள்ள பெத்திருக்கா சார்?"

கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்ததால், அதையும் கோரிக்கையையும் சேர்த்துத் தள்ளுபடி செய்யவைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை தேர்வு. டோக்கன் விலை உச்சத்தில் இருந்தது. தட்டச்சர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. துடைப்பத்தோடு வந்த துப்புரவுப் பணியாளர் அலறினார்.

"யாராச்சும் லிஃப்ட்ட நிறுத்துங்க! அக்காவுக்கு வலி வந்துடுச்சு!"

லிஃப்ட் நிற்காமல் மேலே போயிற்று. என் மாணவர்கள் நால்வர் தேர்வை விட்டுவிட்டு, நாற்காலி ஒன்றில் அவரை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கட்டணம் எதுவும் கேட்கவில்லையாம். நால்வரையும் என் பாடத்தில் பெயிலாக்கினேன்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்து, பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தது. தாய் வேலையை விட்டார். விசாரணைக் குழு கூடி, சந்தை எந்தத் தவறும் செய்யவில்லை என ஒருமனதாகத் தீர்மானித்தது. அன்று லிஃப்ட் நெரிசலின்றி, தாமதமின்றி, செவ்வனே இயங்கியதாக நேரில் கண்ட சாட்சி ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

சாட்சி நான்தான். மூன்றாம் மாடியில் அந்த அலறல் கேட்டபோது லிஃப்ட்டுக்குள் நான் மட்டும் நின்றிருந்தேன், நிறுத்தும் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில். ஆசிரியர்களுக்கு லிஃப்ட் இலவசம்.