கண்ணிமையில் ஜிகினா

ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு பனியன் கம்பெனியையே நிறுத்தி வைத்தவள் நான். அதில் எனக்கு வெட்கம் உண்டு. வருத்தம் மட்டும் இன்றுவரை கிடையாது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் கறை, ஓட்டை, பிசிறு இருக்கிறதா என்று பார்த்து மடிக்க வேண்டும். எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பிய கேட்டலாக் ஒன்றைச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டினேன். நடுப்பக்கத்தில் ஒரு பெண். என்னைப் போலவே கருப்பு. என்னைவிட ஒரு பிடி கூடவே. சாதாரண டீ-ஷர்ட்தான் போட்டிருந்தாள். ஆனால் இரண்டு கண்ணிமையிலும் தங்கம்! "என்ன பாக்கறே?" என்று என்னையே கேட்பதுபோல் நின்றாள்.

அதுவரை எனக்குக் கிடைத்த அழகுக் குறிப்பு ஒன்றே ஒன்றுதான்: "பளிச்சுன்னு எதையும் போடாத கண்ணு, உன்ற நெறத்துக்கு எடுக்காது." ஜவுளிக்கடைக்காரர்கூட என் முகத்தைப் பார்த்ததும் வெளிறிப்போன கலராகவே எடுத்துப் போடுவார். (கருப்புத்தானுங்க, குருடு இல்லீங்களே!)

டீ-ஷர்ட்டில் பிரிண்ட் போடுவதற்கான தங்க ஜிகினாத் தூள் கம்பெனியிலேயே இருந்தது. ஒரு சிட்டிகை பொட்டலம் கட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் தேங்காய் எண்ணெய் தொட்டு இமையில் அப்பினேன். (கண் தப்பியதே பெரிய அதிர்ஷ்டம். நீங்க யாரும் செஞ்சுபோடாதீங்க.)

"இதென்ன சாமி கோலம்? ஊரே பாக்குமே!" என்றாள் அம்மா.

"பாக்கட்டும்னுதான்ம்மா போட்டேன்."

அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன். பையர் தரப்பிலிருந்து ஒரு மேடம் வந்து ஓகே சொன்னால்தான் சரக்கு கிளம்பும். சரக்கு என்ன தெரியுமா? பிறந்த குழந்தைக்குப் போடும் வெள்ளை உடுப்பு. காலையிலிருந்து அதன்மேல் குனிந்து குனிந்து மடித்தது யார்? நானேதான்.

மேடம் முதல் உடுப்பை விளக்குக்கு நேராகப் பிடித்தார். மினுங்கியது. அடுத்ததும் மினுங்கியது.

"குழந்தை வாயில வெச்சா என்ன ஆகும்? இது எங்கருந்து வந்துச்சு?"

மேனேஜர் சண்முகம் வியர்த்துப்போய் பிரிண்டிங் செக்‌ஷனுக்குப் போன் போட்டார். "ஏனுங்க, வெள்ளைத் துணியில எதுக்குங்க ஜிகினாவத் தூவுனீங்க?" (எங்கள் ஊரில் கோபத்துக்கும் 'ங்க' உண்டு.)

"அந்தச் சரக்கு எங்ககிட்ட வரவே இல்லீங்களே!"

ஃபேனைப் பார்த்தார்கள், மேஜையைத் துடைத்தார்கள், அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். நானும் அக்கறையாகக் குனிந்து தேடினேன். நான் தேடத் தேட ஜிகினா அதிகமாகிக்கொண்டே போனது.

கடைசியில் மேடம் விளக்கை மெல்லத் திருப்பி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"செல்வி, கண்ணுல என்னம்மா?" மேனேஜர் அழாத குறை.

"ஜிகினாங்க."

"எதுக்கும்மா?"

ஓடிப்போய் கேட்டலாக்கை எடுத்து வந்து விரித்துக் காட்டினேன். "இந்தப் புள்ள போட்டிருக்குதுங்க. அதுக்கு நல்லா இருக்குதுங்க. எனக்கும் நல்லாத்தானுங்க இருக்குது." கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

மேடம் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சரக்கு ஓகே இல்ல. நாளைக்கு வர்றேன்."

முகம் கழுவினேன். ஜிகினா போகவில்லை, கன்னம், காது, கழுத்து என்று குடியேறியது. மொத்தச் செக்‌ஷனும் ஒட்டும் டேப்பால் துணியை ஒத்தி ஒத்தி எடுத்தது. என்னைத் துணிப் பக்கமே விடவில்லை. வாசலில் உட்கார்ந்து டேப் கிழித்துக் கொடுத்தேன். திட்டு வாங்கினேன், மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் சரக்கு தப்பித்தது.

அந்த வாரமே டவுனுக்குப் போய், உதிராத தங்கக் கலர் ஐ-ஷேடோ வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மேனேஜர் வழிமறித்து ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பை நீட்டினார். "ஒத்திக் காட்டும்மா." காட்டினேன். ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. "சரி, உள்ள போ."

இப்போது அதே செக்கிங்குக்கு நான்தான் இன்சார்ஜ். எங்கள் சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்து பார்க்கப் போனாலும், அம்மா வாசலிலிருந்தே கத்துவாள்: "புள்ளையத் துண்டுல சுத்துங்க, செல்வி வர்றா!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கிக்கொள்வேன், தங்க இமையோடுதான். அந்தப் பொடிசுகள் வேறு யார் முகத்தையும் அப்படி வாய் பிளந்து பார்ப்பதில்லை.