உப்புக்காற்றில் எடுத்த அழுக்கு

இறந்தவர்களை எழுப்பும் வேலையை இதுவரை ஒருவரே ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று எங்கள் ஊர்ப் பாதிரிகள் சாதிக்கிறார்கள். கானா தலைநகர் அக்ராவிலேயே குடியிருந்தும் 'பொன்னொலி மீட்புக் கழக'த்தின் வாசலை மிதிக்காதவர்கள் அவர்கள். அங்கே மாதம் ஒரு செத்துப்போன இசைத்தட்டை எழுப்பி, சிடியாக நடமாட விடுகிறார்கள். எழுந்து வந்தது பழைய ஆள் மாதிரி இல்லையே என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. செத்துப் பிழைத்தவனிடம் பழைய முகக்களையை எதிர்பார்ப்பது என்ன நாகரிகம்?

நான் மக்கோலா சந்தையில் துணிக்கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன். விலை கூவப் பழகிய வாய் என்பதால் கழகத்தின் வெளியீட்டு விழாக்களில் ஏலம் விடும் பொறுப்பு எனக்கு. எங்கள் ஊரில் எதை வெளியிட்டாலும் முதல் பிரதியை மேடையில் ஏலம் விட்டாக வேண்டும். புத்தகம் என்றால் யாரும் படிக்க மாட்டார்கள், பாட்டு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் யார் என்பதை மட்டும் வருஷம் முழுக்கப் பேசுவார்கள். விழாவில் சரக்கைப் போட்டுக் காட்டும் கெட்ட பழக்கமும் கிடையாது. இந்த உயர்ந்த மரபுதான் கழகத்தைக் கட்டிக் காத்து வந்தது.

இயக்குநர் லார்ட்டே முன்பு தண்ணீர்க் குழாய் இறக்குமதி செய்தவர். "குழாய்ல அழுக்குத் தண்ணி வந்தா என்ன செய்வோம்? வடிகட்டுவோம். பாட்டும் அப்படித்தான்" என்பது அவருடைய இசைக் கொள்கை. ஒலிப் பொறியாளர் அடோட்டே அதை விஞ்ஞானமாக உயர்த்தினார். அவருடைய கணினித் திரையில் பாட்டு மலையும் பள்ளமுமாகத் தெரியும். பள்ளத்தை அவர் பொறுக்க மாட்டார். எக்காளம் உரக்கப் பேசும், கிடார் முனகும் என்ற பழைய ஏற்றத்தாழ்வை ஒழித்து, எல்லா வாத்தியமும் எல்லா நேரமும் ஒரே மாதிரி கத்தும் 'சமத்துவத்தை' நிலைநாட்டினார். கேட்டவருக்குத் தலை வலித்தால், அது சமத்துவம் பழகாத தலை.

அன்று எழுந்தருள இருந்தது 'உப்புக்காற்று'. எழுபதுகளில் ஒரு கடலோர இசைக்குழு பதிவு செய்த தட்டு. குழுவில் உயிரோடு மிஞ்சியவர் ஒபோடாய் ஒருவர்தான். மணி கோத்த வலை போர்த்திய சுரைக்குடுக்கையைக் குலுக்கியவர். குலுக்கினேன் என்று அவர் சொன்னார். மனைவி கோர்க்கோர் நம்பினாள். மனைவியின் அக்கா தேதே நம்பவில்லை. குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பெட்டி தூக்கிய ஆள் என்பது அவள் எழுதி வைத்த தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு வீட்டில் இருந்த ஒரே தட்டும் வெயிலில் வளைந்து கிண்ணமாகிவிட்டது. அதில் தேதே கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஆகவே கோர்க்கோர், கருவாட்டுக் கடையை மூடிவிட்டு, அக்கா தங்கைகள் அத்தனை பேரையும் ஒரே துணியில் உடுப்புத் தைத்துப் போடச் சொல்லி, முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். ஒபோடாய் ஓரத்தில், மடியில் ஒரு பையோடு.

"என்ன மாப்பிள்ளை, மடியில? பெட்டியா?" என்றாள் தேதே.

"குடுக்கை, மதினி."

"நல்லதாப் போச்சு. பசிச்சா கஞ்சி வாங்கிக்கலாம்."

பாதிரி ஜெபித்தார். அடுத்து ஒரு முதியவர் தரையில் ஜின் ஊற்றி முன்னோரை அழைத்தார். இரு தரப்பையும் பகைத்துக்கொள்ளாதது கழகத்தின் கொள்கை. பிறகு நான் ஏலத்தைத் தொடங்கினேன். ஒரு காப்பீட்டுக் கம்பெனி மேலாளர், மாட்டிக்கொண்ட முகத்தோடு விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். கோர்க்கோர் எழுந்து ஒரே வீச்சில் அவர் விலையைத் தாண்டினாள். மேலாளர் அவளைத் தாயைப் பார்ப்பதுபோலப் பார்த்து உட்கார்ந்தார்.

"இந்தாங்கம்மா, வாழ்த்துகள்" என்று லார்ட்டே பிரதியை நீட்டினார்.

"போடுங்க."

"எதை?"

"பாட்டைத்தான். சாயத்துணிய நனைச்சுப் பாக்காம நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல."

லார்ட்டே என் காதில், "யோவ், மரபு என்ன ஆகுறது?" என்றார்.

"காசு குடுத்துட்டாங்க சார். இனி சரக்கு அவங்களோடது."

போட்டார்கள். எக்காளம் தகரக் கூரையில் கல் விழுந்தது போல் இறங்கியது. கிடார் கழுத்து நெரிபட்டுக் கூவியது. முதியவர் அழைத்து வந்த முன்னோர் அப்போதே கிளம்பியிருப்பார்கள். முதல் பாட்டு முடிந்தது.

"இதுல எதுடி உன் புருஷன்?" என்றாள் தேதே.

"இரு அக்கா. அடுத்ததுல வருவார்."

அடுத்ததிலும் வரவில்லை. ஒபோடாய் கூட்டத்தில் தன் குழந்தையைத் தேடுகிறவர் போல் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்டார். கடைசியில் எழுந்து, "தம்பி, என்னைக் காணலையே" என்றார்.

அடோட்டே பாராட்டு என்று நினைத்து முன்னே வந்தார். "பெரியவரே, பழைய தட்டைக் கேட்டிருந்தா வித்தியாசம் தெரியும். முழுக்க ஒரே இரைச்சல். ச்சிக் ச்சிக்குனு, காகிதத்துல கரப்பான் ஓடுற மாதிரி. வாரக்கணக்கா உக்காந்து ஒண்ணு விடாம எடுத்தேன்."

"அது நான்" என்றார் ஒபோடாய்.

லார்ட்டே நிர்வாகத் திறமையோடு நிலைமையைக் கையாண்டார். "இரைச்சல் நீங்கதான்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பெரியவரே."

தேதே மேல்துணியை உதறி எழுந்தாள். "விழா முடிஞ்சுது. வாங்கடி போலாம். மாப்பிள்ளை, பெட்டி கிட்டி தூக்கணுமான்னு கேட்டுட்டு வாங்க."

கோர்க்கோர் நகரவில்லை. அடோட்டேயைப் பார்த்துக் கேட்டாள். "தம்பி, அந்தச் சத்தம் எந்தப் பாட்டுல இருந்துச்சு?"

"எல்லாத்துலயும்மா."

"நடுவுல விட்டு விட்டா?"

"விட்டிருந்தா எனக்கு வேலை மிச்சமாயிருக்குமே. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓயல. ஒரு இடத்துலகூடத் தாளம் தப்பல. அதனாலதான் பிடிச்சு எடுக்க முடிஞ்சுது."

"கேட்டியாக்கா?"

"வாய் இருக்கிறவன் எதை வேணா சொல்லுவான்" என்றாள் தேதே.

தொழிலைச் சந்தேகித்தால் அடோட்டே தாங்க மாட்டார். "சொல்றதா? எடுத்த அழுக்கைத் தனியா சேத்து வச்சிருக்கேன்" என்று கணினியைத் திறந்தார்.

எக்காளம் இல்லை, கிடார் இல்லை, பாடகன் இல்லை. குடுக்கை மட்டும். மணல்மேல் அலை திரும்பிப் போகும் சத்தம், அலைக்கு யாரோ கணக்குச் சொல்லிக்கொடுத்தது போல. முதலில் மேலாளரின் கால் அசைந்தது. அடுத்து வேதப்புத்தகத்தின் மேல் பாதிரியின் விரல். தேதேயின் தோள் தானாகக் குலுங்கத் தொடங்க, அவள் அதை மறுகையால் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். தோள் கேட்கவில்லை.

"பெட்டி தூக்குற கை இவ்வளவு லேசா இருக்காது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

கோர்க்கோர் புருஷன் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒபோடாயின் வாசிப்பை முதல் குலுக்கல் முதல் கடைசிக் குலுக்கல் வரை அக்ராவில் கவனித்துக் கேட்ட ஒரே மனிதர், அதை அழித்தவர்தான். இதற்காகவே அடோட்டேக்குப் பட்டம் தரலாம். கழகமும் சும்மா இருக்கவில்லை. மறுவாரமே கூடி, எடுத்த அழுக்கை 'உப்புக்காற்று: அரிய இரைச்சல்கள்' என்று தனி சிடியாக வெளியிடத் தீர்மானித்தது. உழைப்பு அதிகம் என்பதால் விலை கொஞ்சம் கூடுதல். அட்டையில் பெரிய எழுத்தில் 'ஒலி மீட்பு: அடோட்டே'. கீழே பொடி எழுத்தில் 'இரைச்சல்: ஒபோடாய்'. பாட்டு பழையபடி கேட்க வேண்டுமா? இரண்டையும் வாங்கி, இரண்டு பாட்டுப்பெட்டியில் போட்டு, இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால் போதும்.

மக்கோலாவில் முன்பு ஒருவன் இருந்தான். நெரிசலில் ஆள் காலிலிருந்து செருப்பை உருவி, அடுத்த சந்தில் அந்த ஆளுக்கே விற்பான். பாவம், தொழில் நுணுக்கம் போதாதவன். ஜோடியாகத்தான் விற்றான். இடதைத் தனியாகவும் வலதைத் தனியாகவும் விற்கத் தெரியாததால் அவனைத் திருடன் என்றோம். தெரிந்தவர்களை மீட்பர்கள் என்கிறோம்.