டிக்கெட் எடுத்த ஆடு

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டில் இருக்கும் வேண்டாத சாமான்களை ஒளித்து வைப்பது உலக வழக்கம். மடிக்காத துணி கட்டிலுக்கு அடியில் போகும். உடைந்த நாற்காலி பின்கட்டுக்குப் போகும். அதில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டப் போகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. (புத்தகம் படிக்காததால் வந்த வினைதானே அத்தனையும்!)

கிள்ளானில் எனக்கு லோரி டயர் கடை. ஐம்பது வயது வரைக்கும் என் வாசிப்பு என்பது டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்களும், காலையில் வாட்சப்பில் வரும் பூப்போட்ட பொன்மொழிகளும்தான். அதுவே எனக்குத் தாராளமாகப் போதுமாக இருந்தது, என் மகள் கவிதா காதலிக்கும் வரை.

பையன் பெயர் ரமணன். கவிதாவின் அலுவலகத்திலேயே வேலை. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். தாத்தா அரசாங்க உத்தியோகம், அப்பா சிவபாதம் அரசாங்க உத்தியோகம். எங்கள் பக்கம் தாத்தா லோரி, அப்பா லோரி, நான் லோரிக்கு டயர். பையனின் அப்பா அம்மா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடானது. அதற்கு ஒரு வாரம் முன்னால் கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, அங்கிள் ரொம்ப நல்லவருதான். ஆனா ஒன்னு. யாரு வீட்டுக்குப் போனாலும் மொதல்ல புத்தக அலமாரியத்தான் பாப்பாராம்.”

“நம்ம வீட்லதான் அலமாரி இருக்கே.”

“அதுல மீன் தொட்டி இருக்கு பா.”

“அவருக்கு என்னா மாதிரி புத்தகம் பிடிக்கும்?”

“கதை கிதை எல்லாம் இல்ல. சமுதாயம், பண்பாடு, மனுசங்க எப்படி யோசிக்கிறாங்க, அந்த மாதிரி. ரமணனோட அக்காவுக்கு வந்த ஒரு சம்பந்தத்த, ‘கதைக்க ஒண்டும் இல்லாத வீடு’ன்னு சொல்லி வேணாம்னுட்டாராம்.” என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: “நீங்க ஒன்னும் செய்ய வேணாம் லா. இருக்கற மாதிரியே இருங்க.”

இருக்கிற மாதிரியே இருப்பதா? இருக்கிற மாதிரி என்றால் மீன் தொட்டியும் நானும்தான். அதில் மீனாவது கொஞ்சம் கம்பீரமாக இருக்கும்.

மறுநாளே பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் நுழைந்து, மூச்சு வாங்கக் கேட்டேன்.

“பாஸ், சமுதாயம், பண்பாடு, சிந்தனை. இதுல புத்தகம் வேணும்.”

“எத்தன அண்ணே?”

“நாலரை அடி.”

கடைக்காரர் அசரவில்லை. “தடிமனா, மெலிசா?” என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே அழைத்துப் போய் நான்கு பெட்டிகளைக் காட்டினார். “ஒங்க அதிர்ஷ்டம் பாஸ். ஒரே வீட்டு செட்டு. நல்லா படிச்ச மனுசன் போல. வீடு மாறும்போது ஒரு ஆன்டி மொத்தமா லோரியில ஏத்தி அனுப்பிட்டாங்க. பேரு கீரு எதுலயும் இல்ல. அதான் சுத்தம்.”

இடுப்பிலிருந்த அளவு நாடாவை இழுத்துப் பிடித்து அளந்தேன். இரண்டு அங்குலம் குறைந்தது. ஒரு சமையல் புத்தகத்தைச் சேர்த்துச் சரிக்கட்டினார்.

வீட்டில் மீன் தொட்டி குளியலறைக்குக் குடிபெயர்ந்தது. புத்தகங்களை அடுக்கும்போதுதான் என் மனைவி தேவி பார்த்தாள். பக்க ஓரங்களில் எல்லாம் பென்சிலில் பொடிப்பொடியாகத் தமிழ்க் குறிப்புகள்.

“என்னாங்க, யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்க. ரப்பர் எடுத்து அழிச்சிடவா?”

“அழிக்காத! இது கிறுக்கல் இல்ல, லாட்டரி!”

புத்தகத்தைப் படித்து, யோசித்து, கருத்து உண்டாக்கும் வேலை எல்லாம் யாரோ ஒரு மகானுபாவர் எனக்காகச் செய்து முடித்திருந்தார். அசல் முந்நூறு பக்கம், ஓரம் மூன்றே வரி. எதைப் படிப்பான் டயர்க்காரன்? ஓரத்தை மட்டும் மனப்பாடம் செய்தேன். லோரிக்குக் காற்றடித்துக்கொண்டே, “ஒரு சமுதாயம் எதைப் பார்த்துச் சிரிக்கிறதோ, அதற்குத்தான் உள்ளூரப் பயப்படுகிறது” என்று முணுமுணுத்தேன். லோரிக்காரர் தன் லோரியைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து முறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிவபாதம் சார் வெள்ளைச் சட்டையில், கையில் குடையோடு, ஓய்வு பெற்ற பிறகும் யாருக்கோ கையெழுத்துப் போட வந்தவர் போல இருந்தார். அவர் மனைவி மங்கை ஆன்டி கலகலப்பு. ரமணனும் கூட வந்திருந்தான். அவர்களை எங்கே உட்கார வைப்பது என்று நான் முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தேன். அலமாரி கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்டக் கூடாது.

சார் தூரத்திலிருந்தே அலமாரியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நல்ல சேகரம் போல கிடக்கு. என்ர புத்தகங்கள் எல்லாம் இன்னும் பெட்டியிலதான். பிரிக்பீல்ட்ஸ் வீட்டை விட்டுச் செராஸுக்கு மாறி ஒரு வருசம். இவதான் ஸ்டோர்ல பத்திரமா வைச்சிருக்கிறா.”

இதைக் கேட்டதும் மங்கை ஆன்டி, தேவி கொடுத்த கேசரியை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார். கேசரியில் ஏதோ குறை என்று நான் நினைத்தேன். அந்த நேரத்தில் என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

பேச்சு கல்யாணம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று திரும்பியது. இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன்.

“என்னா சார், பண்பாடு என்பது அடுத்த வீட்டுக்காரன் பார்க்கும்போது நாம் செய்வது. அவ்வளவுதானே!”

சார் கையிலிருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. “அப்பிடியே... அப்பிடியேதான் தம்பி நானும் நினைக்கிறனான்!”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டாவதை விட்டேன். மூன்றாவதையும் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் சார் நெகிழ்ந்துகொண்டே போனார். “இத்தனை வருசத்திலை என்னைப் போலவே யோசிக்கிற ஒரு ஆளைக் காணேல்லை. மங்கை, கேட்டனீரோ?” என்றார். ஆன்டிக்கு ஏனோ வியர்த்தது. ரமணன் கவிதாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். கவிதா மட்டும் என்னை வேற்று மனிதரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நெகிழ்ந்து போன மனிதர் எழுந்து அலமாரிக்குப் போய்விட்டார்.

ஒரு புத்தகத்தை எடுத்தார். திறந்தார். முதுகு அப்படியே நின்றது. வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதையும் வைத்தார். மூன்றாவதாக ஒரு தடிப் புத்தகத்தோடு திரும்பி வந்து, இந்த முறை எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முகத்தில் அபாரமான மரியாதை. (அரசாங்க அலுவலகத்தில் அப்படி மரியாதையாகப் பார்த்தார்கள் என்றால் நம் விண்ணப்பம் செத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

“இந்தக் குறிப்பெல்லாம் உங்கடையோ, தம்பி?”

“ஆமா சார். கையில பென்சில் இல்லாம நான் படிக்கவே மாட்டேன்.”

“நல்ல பழக்கம். இந்தப் பக்கத்தில ஒண்டு எழுதியிருக்கிறியள்.” மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். “‘ஈப்போ ரயிலில் நான் கண்டதும் இதுவே.’ அப்பிடி என்ன கண்டனீங்கள்?”

ஓரங்களை மட்டும் படித்தவனுக்கு அந்தப் பக்கத்தின் நடுவில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? எட்டிப் பார்த்தேன். அவர் உள்ளங்கையை வைத்து மறைத்திருந்தார். நான் ஈப்போவுக்கு ரயிலில் போனதே கிடையாது. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். மூளை எங்கெங்கோ ஓடி, கடைசியில் ஒரே ஒரு பிராணியோடு திரும்பி வந்தது.

“ஒரு... ஆடு, சார்.”

“ரயிலிலையோ?”

“ஆமா சார். டிக்கெட் எடுத்த ஆடு.”

“எங்க போனது?”

“தாப்பாவுல எறங்கிடுச்சு.”

“தனியாவோ?”

“இல்ல, இல்ல. அதோட சொந்தக்காரங்க ஸ்டேசனுக்கு வந்திருந்தாங்க.”

என்னை யாராவது அந்த இடத்தில் அடித்து நிறுத்தியிருக்கலாம். தேவி முந்தானையை வாயில் வைத்திருந்தாள், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. சார் மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“அருமை. ஒரு பென்சில் தாங்கோ தம்பி, நானும் ஒரு குறிப்பு எழுதுவம்.”

பென்சில் இல்லாமல் படிக்கவே மாட்டாதவன் வீட்டில் பென்சில் இல்லை! மேசை இழுப்பறைகள், தையல் பெட்டி, சாமி மாடம் எல்லாம் தேடி, கடைசியில் டயரில் குறி போடும் மஞ்சள் மெழுகுக் கட்டியைக் கொண்டு வந்து பணிவோடு நீட்டினேன். சார் அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து தேய்ந்துபோன ஒரு பென்சில் துண்டை எடுத்து, அந்தக் குறிப்புக்கு நேர் கீழே இரண்டு சொற்கள் எழுதி என்னிடம் கொடுத்தார்.

‘ஆடு இல்லை.’

மேலே இருந்த எழுத்தும் கீழே இருந்த எழுத்தும் ஒரே தாய் பெற்ற இரட்டைப் பிள்ளைகள். அதே வளைந்த ‘இ’. அதே வாலை நீட்டிய ‘ல’.

குளியலறையில் மீன் தொட்டி குமிழி விடும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. சமையலறை வழியாக ஓடிவிடலாமா என்று யோசித்தேன். என் காருக்குப் பின்னால் அவர்கள் காரை நிறுத்தியிருந்தார்கள். “அப்பா...” என்றாள் கவிதா. கண் நிறைந்துவிட்டது. கதைக்க ஒன்றும் இல்லாத வீடாகவே இருந்திருக்கலாம். இப்போது கதை விடுகிற வீடாக ஆகிவிட்டது.

“சார்,” என்றேன். “எனக்குப் படிக்கிற பழக்கம் இல்ல. கடையில நாலரை அடிக்கு அளந்து வாங்கினேன். எம் பொண்ணுக்கு இதுல சம்பந்தம் இல்ல. இருக்கற மாதிரியே இருங்கன்னுதான் அது சொல்லிச்சு. புத்திய டயரு கடையில விட்டுட்டு வந்தவன் நான்தான்.”

“அது இருக்கட்டும் தம்பி. நான் உங்களைக் கேக்கேல்லை.” மெதுவாகத் திரும்பினார். “மங்கை. ஸ்டோர்ல பத்திரமா இருக்கெண்டனீர்?”

ஆன்டி கேசரித் தட்டைக் கீழே வைத்தார். இரண்டு விநாடிதான் பதறினார். பிறகு, என்னைப் போல ஆட்டைத் தேடிப் போகாமல், நேரே சண்டைக்குப் போனார்.

“புது வீட்டில இடம் எங்க? ஒரு வருசமா நீங்கள் ஒரு புத்தகத்தையாவது தேடினனீங்களோ? பாவம், அவரைப் போட்டு அந்தப் பாடு படுத்துறியள். ஈப்போ ரயிலில என்ன கண்டனீங்கள் எண்டு நான் சொல்லட்டோ?”

“மங்கை, வேண்டாம்.”

“சொல்லத்தான் வேணும். முதல்ல அந்தப் பக்கத்தை வாசிடா ரமணா.”

ரமணன் புத்தகத்தை வாங்கி, கோடு போட்ட வரியை வாசித்தான். மனிதன் தானாக இருப்பதற்குப் படும் பாட்டைவிட, வேறொருவனாகத் தெரிவதற்குப் படும் பாடுதான் அதிகம் என்று இருந்தது.

“என்னைப் பொம்பிளை பாக்க இவர் ஈப்போவுக்கு ரயில்லதான் வந்தவர்,” என்றார் ஆன்டி. “என்ர அப்பா படிச்ச மனிசன் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். அதுக்காக ஸ்டேசனில ஒரு தடிச்ச இங்கிலிஷ் புத்தகம் வாங்கி, கக்கத்தில இடுக்கிக்கொண்டு வந்து, எங்கட வீட்டு மேசையில எல்லாருக்கும் தெரியிற மாதிரி வைச்சவர். கடைக்காரன் போட்ட ரப்பர் வளையத்தைக்கூடக் கழட்டேல்லை!”

முதலில் சிரித்தது ரமணன். அடுத்தது தேவி. (சிரிப்புதான் என்று உறுதியானது.) சிவபாதம் சார் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அண்டைக்கு ரயில் சன்னல்ல என்ர முகத்தைக் கண்டனான், தம்பி. புத்தகத்தோட. அதைத்தான் எழுதினனான்.” கவிதாவைப் பார்த்தார். “அழாதேங்கோ பிள்ளை. உங்கட வீட்டில கதைக்க நிறைய இருக்கு.”

கல்யாணம் கிள்ளானில் நடந்தது. புத்தகங்களை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது சம்பந்தி வாங்க மறுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொன்றாக நடுப்பக்கத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும், ஓரத்தில் என் குறிப்பையும் எழுத வேண்டும். முதல் புத்தகத்தில் நான் திக்கித் திணறி எழுதிய முதல் குறிப்பு, ‘புரியவில்லை.’ அடுத்த முறை வந்தபோது அதைப் படித்துவிட்டுக் கீழே ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போனார். ‘எனக்கும்தான். அதனால்தான் அந்த இடத்தில் கோடு.’ இப்போது நாலரை அடியில் ஒன்றேகால் அடி முடித்திருக்கிறேன். சமையல் புத்தகத்தைச் சேர்க்காமல்.

ஆடு மட்டும் போகவே இல்லை. நான் மாமாக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டு, ‘ஹைவேயில ஜாம்’ என்று போனில் சொன்னால், “டிக்கெட் எடுத்துச்சா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள் தேவி. போன வாரம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்த சம்பந்தி, வழியில் மரம் விழுந்துவிட்டது, சின்ன மரமில்லை, பெரிய மரம் என்று வாசலிலேயே விளக்கம் கொடுக்கத் தொடங்கினார்.

ஆன்டி என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் ஒரு பென்சில் கொண்டு வந்து நீட்டினேன். இப்போது எங்கள் வீட்டில் பென்சில் இருக்கிறது.